உலைக்குத் தீட்டு உண்டா?

நமது நாட்டில் எந்தக் கெடுதல் நேர்ந்தாலும் அதற்குக் காரணம் கண்டுபிடிக்க யாரும் கஷ்டப்பட வேண்டியதில்லை. மழை பெய்யாவிட்டால் ஒரு காரணம், மாடு செத்தால் ஒரு காரணம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு காரணம் என்பதாக எல்லாம் முன்கூட்டியே தயாராய் இருக்கின்றன. அந்தக் காரணங்களையெல்லாம் திரட்டிப் பார்த்தால் பழி வந்து விழுகின்ற இடம் இரண்டே இரண்டுதான். ஒன்று பெண், மற்றொன்று கீழ்ஜாதி என்று சொல்லப்படுகிறவன். பஞ்சாங்கத்தின் மேலாவது, புரோகிதனின் மேலாவது ஒரு நாளாவது பழி விழுந்ததாக நாம் கேள்விப்பட்டதே இல்லை.

இதற்கு உதாரணமாக, செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் உள்ள ஒரு சிறு உலோக வார்ப்புப் பட்டறையில் சென்ற மழைக்காலத்தில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டறையின் பெயரை நாம் சொல்லப் போவதில்லை. நமக்கு ஆட்களோடு சண்டையில்லை. அவர்களது புத்தியைப் பிடித்திருக்கும் நோயோடுதான் சண்டை.

அது ஒரு முதலாளியின் பட்டறையல்ல. சிலர் கூடி, வார்ப்புத் தொழிலைக் கற்க விரும்பும் யாரும் வந்து கற்றுக்கொள்ளட்டும் என்ற நல்ல எண்ணத்தோடு நடத்துகிற பொதுப் பட்டறை. ஒரு மேஸ்திரியும், சம்பளத்துக்கு இரண்டு ஆட்களும், தினக்கூலிக்கு ஒரு தோழரும் இருக்கிறார்கள். மற்றவர்கள் தொண்டர்கள். ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், இரண்டு காலேஜ் பையன்கள், செங்கற்பட்டிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒரு பெண் தோழர் என்று ஏழெட்டுப் பேர் ஞாயிறு தோறும் வந்து மெழுகு உருக்குவார்கள், மண் பிசைவார்கள், வறட்டி அடுக்குவார்கள், வார்ப்பு ஆறியபின் மண் கூட்டை உடைத்து அரம் போடுவார்கள், சாம்பல் வாரிப் பெருக்குவார்கள். பகலில் எல்லோரும் ஒரே பானைச் சோற்றைப் பங்கிட்டு உண்பார்கள். நாமும் இரண்டொரு முறை போய் உண்டிருக்கிறோம். நமது ஜனங்கள் ஜாதி மறந்து ஒன்றாய் உட்கார்ந்து உழைக்கும் இடங்கள் மிகவும் சொற்பமானபடியால், அதைப் பார்த்து நாம் சந்தோஷப்பட்டதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால், அந்தப் பட்டறையில் உலைக்கு வெள்ளிக்கிழமை தோறும் பூஜை உண்டு. உலையின் நான்கு மூலைக்கும் நான்கு எலுமிச்சம்பழம் உண்டு. கண்ணுக்குக் கண்ணாடி இல்லை. காலுக்குத் தோல் ஜோடு இல்லை. நெருப்புப் பட்டால் வாரிப்போட ஒரு வாளி மணல்கூட இல்லை!

நிற்க. சம்பவத்துக்கு வருவோம். இரண்டடி உயரத்தில் ஒரு உருவம் வார்க்க ஏற்பாடாயிற்று. முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் செய்தார்கள். அதன்மேல் மண் பூசிக் காயவைத்து, வறட்டியடுக்கில் சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றினார்கள். இதெல்லாம் முதல் நாள் நடந்தது. அன்றிரவு நல்ல மழை. கீற்றுக் கொட்டகை ஒழுகிற்று. மறுநாள் காலை மண் கூட்டைத் தொட்டுப் பார்த்த அந்தப் பெண் தோழர், “மேஸ்திரி ஐயா, அடியில் ஈரமாய் இருக்கிறதே, இன்னொரு தடவை சுட்டுவிட்டு ஊற்றலாமே” என்று சொல்லியிருக்கிறார். மேஸ்திரிக்கும் அது தெரியாததல்ல. ஆனால், பஞ்சாங்கத்தில் குறித்திருந்த நல்ல நேரம் ஒன்பதுக்குள் முடிந்து, அதன்பின் ராகு காலம் வந்துவிடுமாம்! ஆகவே, “நேரம் போய்விடும், நீ தள்ளி நில்லம்மா” என்று சொல்லிவிட்டு மூசையைத் தூக்கினார்கள். உலோகம் உள்ளே இறங்கியதும் கூடு வெடித்தது. கொதிக்கும் உலோகம் தெறித்து, மூசையைப் பிடித்திருந்த தினக்கூலித் தோழரின் பாதத்தில் விழுந்தது.

அன்று மாலையே காரணம் கண்டுபிடித்து விட்டார்கள். என்ன காரணம்? ஈரமா? ஒழுகும் கொட்டகையா? அவசரமா? ஒன்றும் இல்லை. “பெண் பிள்ளை உலையண்டை வந்தாள், தீட்டோடு வந்தாளோ என்னவோ” என்று ஒருவர் சொன்னார், மற்றவர் தலையாட்டினார், மறு ஞாயிறு முதல் பெண்கள் வார்ப்புக் குழியண்டை வரக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது. எச்சரித்தவளே குற்றவாளி! பரிகார பூஜைக்குப் பணம் ஒரே நாளில் சேர்ந்தது. கால் வெந்து மூன்று வாரம் வீட்டில் கிடந்த தோழரின் கூலிக்கு மட்டும், “இது தொண்டு ஸ்தாபனம், நிதி இல்லை” என்று பதில் வந்தது.

தோழர்களே! இதில் வெடித்தது எது என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். செம்பு 1,085 டிகிரி சென்டிகிரேடில் உருகும். வார்க்கிற உலோகமும் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் அச்சுக்குள் இறங்குகிறது. தண்ணீரோ 100 டிகிரியில் ஆவியாகிறது. ஆவியானால் தான் இருந்த இடத்தைப்போல் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். மண் கூட்டுக்குள் ஒரு கரண்டி ஈரம் ஒளிந்திருந்து, அது போக வழியும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? நமது வீட்டுப் பெண்களைக் கேட்டாலே சொல்லுவார்கள். காய்ந்த எண்ணெயில் ஈரக் கரண்டியை விட்டால் முகத்தில் தெறிக்கிறதே, அங்கே யாருடைய தீட்டு வந்தது? அடுப்பில் நடந்தால் ஈரம், உலையில் நடந்தால் தீட்டா?

இன்னொரு அநியாயத்தையும் பாருங்கள். பித்தளை உருக்கும் பட்டறைகளில் சிலருக்கு அன்றிரவே குளிர் காய்ச்சல் வந்து, ஓரிரண்டு நாளில் தானே விட்டுவிடும். இதற்குத் திருஷ்டி கழிக்கிறார்கள், வேப்பிலை அடிக்கிறார்கள். பித்தளையில் இருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெள்ளைப் புகையாய்ப் போகிறது. அந்தப் புகையைச் சுவாசித்தால் வருவதுதான் இந்தக் காய்ச்சல் என்பது வைத்தியர்களுக்கு வெகு நாளாய்த் தெரிந்த சங்கதி. இதற்குப் பரிகாரம் காற்றோட்டமும் முகமூடியுமே அல்லாமல் பூசணிக்காய் அல்ல.

நாம் இதைப் பட்டறையின் காரியதரிசியிடம் கேட்டபோது அவர் சொன்ன சமாதானந்தான் நமக்கு அதிக வருத்தத்தைக் கொடுத்தது. “எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை ஐயா, மேஸ்திரியின் மனம் நோகக்கூடாது அல்லவா?” என்றார். பாமரனின் மூடநம்பிக்கை அறியாமையால் வந்தது. அறிவு வந்தால் போய்விடும். படித்தவரின் மூடநம்பிக்கையோ சௌகரியத்தால் வந்தது. அது எளிதில் போகாது. மேஸ்திரியின் மனம் நோகக்கூடாதாம். அந்தப் பெண்ணுக்கு மனம் என்று ஒன்று இல்லையா? வெந்த கால் நோகவில்லையா?

பெண்ணுக்கு உலை ஆகாது என்கிறவர்களுக்கு ஒரு சங்கதி சொல்லுகிறோம். வங்காளத்தில் பிறந்த மீரா முகர்ஜி (1923–1998) என்ற அம்மையார் ஐரோப்பாவில் சிற்பம் படித்துத் திரும்பியபின், பஸ்தர் காட்டுப் பிரதேசத்துக்குப் போய், அங்குள்ள பழங்குடி வார்ப்புக்காரரிடம் உட்கார்ந்து மெழுகு வார்ப்பைக் கற்றார். கலிங்கப் போருக்குப் பின் நிற்கும் அசோகனை ஆள் உயரத்துக்கும் பெரிய வெண்கல உருவமாய் வார்த்தார். அது இன்றும் டில்லியில் நிற்கிறது. அவர் கை பட்டதால் வெண்கலம் உருக மறுத்ததா?

சாஸ்திரமும் பஞ்சாங்கமும் இல்லாவிட்டால் வார்ப்புக் கலை வராது என்கிறவர்களுக்கும் ஒரு சங்கதி உண்டு. ஆப்பிரிக்காவில் இன்று நைஜீரியா எனப்படும் நாட்டிலுள்ள பெனின் நகரத்தார் வார்த்த பித்தளை உருவங்களை 1897-இல் ஆங்கிலேயப் படை கொள்ளையடித்துச் சீமைக்குக் கொண்டு போயிற்று. அவற்றைக் கண்டு ஐரோப்பாவே வாய் பிளந்தது. அவர்கள் எந்தச் சில்ப சாஸ்திரத்தைப் படித்தார்கள்? எந்தப் பஞ்சாங்கத்தில் ராகு காலம் பார்த்தார்கள்?

அவ்வளவு தூரம் போவானேன்? இதே கடற்கரையைப் பார்ப்போம். 1957-இல் மாமல்லபுரத்தில் அரசாங்கம் ஒரு சிற்பப் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்து, அது இன்று கல்லூரியாய், உலோகச் சிற்பத்தையும் வகுப்பில் வைத்துக் கற்றுக்கொடுக்கிறது. 1966-இல் இஞ்சம்பாக்கத்தில், அது செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்த நாளில், கே.சி.எஸ். பணிக்கரும் அவரது மாணவர்களும் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். எந்த ராஜாவின் தர்மத்தையும் எதிர்பாராமல், தாங்களே கைத்தொழில் செய்து விற்ற பணத்தைக் கொண்டு மணலில் நிலம் வாங்கினார்கள். செம்புத் தகட்டை வெட்டியும் தட்டியும் உருவமாக்கிய ஜானகிராமும், செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் சிற்பம் செய்த நந்தகோபாலும் அங்கிருந்தே உலகத்துக்குத் தெரிய வந்தார்கள். பல ஊரார், பல பாஷைக்காரர் ஒன்றாய் இருந்தார்கள். இதனால் கலை கெட்டதா, வளர்ந்ததா?

அப்பன் தொழிலை மகன் செய்தால்தான் தொழில் நிலைக்கும் என்ற வாதத்தை 1953-இல் குலக்கல்வித் திட்டமாகவே கொண்டுவந்து பார்த்தார்கள். தமிழ் மக்கள் 1954-இல் அதைக் குழியில் இறக்கினார்கள். ஆனால், சட்டத்தில் செத்தது பட்டறையில் உயிரோடு இருக்கிறதென்றால் நாம் என்ன சொல்லுவது?

குலத்தொழில்காரனுக்குத்தான் இதனால் என்ன மரியாதை கிடைத்தது? மெழுகில் பிடித்து, மண்ணில் பொதிந்து, நெருப்பில் வார்த்து, உளியால் கண் திறந்தவன் அவன். கும்பாபிஷேகம் ஆன மறுநிமிஷம் அவன் அந்தச் சிலையைத் தொடக்கூடாது. தொட்டால் சாமிக்குத் தீட்டு! எல்லா ஜாதியாரும் அர்ச்சகராகலாம் என்று 1970-இல் சட்டம் செய்தும், பயிற்சி பெற்ற பல ஜாதித் தோழர்கள் 2021-இல் நியமனம் பெறுவதற்கு 51 வருஷம் பிடித்தது. தன்னையே தீட்டு என்று வெளியே நிறுத்துகிறவனின் சாஸ்திரத்தைக் கைக்கொண்டு, மேஸ்திரி தன் பட்டறைக்கு வந்த பெண்ணை வெளியே நிறுத்துகிறார் என்றால், இதைவிடப் பரிதாபம் உண்டா?

இதே செங்கற்பட்டில்தான் 1929-ஆம் வருஷம் பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடி, பெண்களுக்குச் சொத்தில் சம உரிமையும் தொழிலில் சம உரிமையும் வேண்டும் என்று தீர்மானித்தது. அந்த ஊரிலிருந்து பஸ் ஏறிப் போகிற பெண்ணுக்கு இன்றும் ஒரு குழியண்டை நிற்க உரிமை இல்லையென்றால், வெட்கம் அவளுக்கல்ல, நமக்குத்தான்.

ஆகவே, அந்தப் பட்டறைத் தோழர்களுக்கும் அதுபோன்ற எல்லாப் பட்டறையாருக்கும் நாம் சொல்லுவது இதுதான். எலுமிச்சம்பழக் காசில் கண்ணாடியும் தோல் ஜோடும் வாங்குங்கள். கொட்டகைக்கு ஓடு போடுங்கள். பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் அச்சைத் தொட்டுப் பாருங்கள். காயாத அச்சில் எந்த நல்ல நேரத்திலும் ஊற்றாதீர்கள். தொண்டு என்பது, கூலி இல்லாவிட்டாலும் சாப்பாட்டுக்கு வழியுள்ளவன் செய்யக்கூடியது. அன்றாடம் உழைத்து உண்பவனிடம் தொண்டைக் காட்டிக் கூலியைப் பிடிப்பது தொண்டல்ல, திருட்டு. அந்தத் தோழரின் மூன்று வாரக் கூலியைக் கொண்டுபோய் அவர் வீட்டில் கொடுங்கள். சம்பளக்காரர், கூலிக்காரர், தொண்டர், ஆண், பெண் எல்லோரும் உட்கார்ந்து பட்டறைக் காரியங்களை முடிவு செய்யுங்கள்.

அந்தப் பெண் தோழர் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை என்று அறிகிறோம். ஞாயிறு தோறும் போய் மெழுகு வேலை செய்துவிட்டு, வார்க்கிற நேரத்தில் வேலிக்கு வெளியே நிற்கிறாராம். வாசகத் தோழர்கள் அந்தப் பக்கம் போக நேர்ந்தால், உள்ளே போய்ச் சிலையைப் பார்த்து அதிசயப்படுமுன், வேலிக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பாருங்கள். நின்றால், ஏன் என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.