திசுப் பரிசோதனை முடிவும் டிஜிட்டல் நோய்க்குறியியலும்: நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

"கணினியே புற்றுநோயைக் கண்டறிகிறதாமே, எங்களுக்கு மட்டும் முடிவு வர ஏன் இத்தனை நாள்?" கச்சிராயபாளையத்திலிருந்தும் கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்தும் திசுப் பரிசோதனைக்கு வரும் பலர் இவ்வாறு கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. இத்துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரின் பணியை அறிந்தால் விடை தெளிவாகும்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஜோயல் சால்ட்ஸ் மருத்துவர்; கணினி அறிவியலில் முனைவர் பட்டமும் பெற்றவர். 1990-களில் அவரும் குழுவினரும் 'மெய்நிகர் நுண்ணோக்கி' என்னும் மென்பொருளை உருவாக்கினர். திசு ஒட்டப்பட்ட ஸ்லைடை முழுமையாகப் படமாக்கி, கணினித் திரையில் நகர்த்தியும் பெரிதாக்கியும் பார்க்க அது வழிசெய்தது. 2018-இல் அவரது குழு, 13 வகைப் புற்றுநோய்களின் 5,202 ஸ்லைடு படங்களைச் செயற்கை நுண்ணறிவால் ஆராய்ந்து, கட்டிகளுக்குள் நோய் எதிர்ப்பு அணுக்கள் பரவியுள்ள விதத்தை வரைபடமாக்கியது.

இதனால் விளையும் நன்மை பெரிது. ஸ்லைடின் படத்தைத் தொலைவிலுள்ள வல்லுநருக்கு அனுப்பிக் கருத்துப் பெறலாம். அதற்காக நோயாளி பயணம் செய்ய வேண்டியதில்லை. ஆயினும் படமாக்கும் முன், திசு ஃபார்மலினில் பதப்பட வேண்டும். பின்னர் மெழுகில் பதிக்கப்பட்டு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு தடிமனுள்ள சீவல்களாக வெட்டப்பட்டு, சாயமேற்றப்பட வேண்டும். இப்பணிகளைக் கணினி சுருக்கிவிட இயலாது. திசு கெட்டுவிட்டால் எந்தக் கணினியாலும் சரியான விடை தர இயலாது. அறிக்கையில் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்பவரும் நோய்க்குறியியல் மருத்துவரே.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை:

• திசுக் குப்பி உங்களிடம் கொடுக்கப்பட்டால் திறக்காதீர்கள். தண்ணீரோ உப்புநீரோ சேர்க்காதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாதவாறு வைத்து, அன்றே ஆய்வகத்தில் ஒப்படையுங்கள்.

• குப்பியிலும் படிவத்திலும் பெயர், வயது, திசு எடுத்த இடம் ஆகியவை ஒன்றாக உள்ளனவா எனப் பாருங்கள்.

• மலைக் கிராமத்தில் கைபேசித் தொடர்பு கிடைக்காதெனில், கிடைக்கும் இடத்திலுள்ள உறவினரின் எண்ணையும் கொடுங்கள்.

• கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ வேறு மருத்துவமனைக்கோ மேல்சிகிச்சைக்குச் செல்லும்போது அறிக்கை மட்டும் போதாது. ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டுப் பெற்றுச் செல்லுங்கள். கைபேசியில் எடுத்த ஸ்லைடு படம் அவற்றுக்கு ஈடாகாது.

• கூடுதல் சாயப் பரிசோதனை தேவையென்றால் மேலும் சில நாட்கள் ஆகலாம். அதனாலேயே நோய் கடுமையானது என முடிவு செய்துவிடாதீர்கள்.

குறித்த நாளில் முடிவு வராவிடில், மருத்துவமனையில் கேட்பது உங்கள் உரிமை. காத்திருப்பதைவிட ஆபத்தானது, அச்சத்தாலோ வேலையாலோ முடிவை வாங்க வராமலே இருந்துவிடுவது. வலி இல்லையெனினும், கட்டி சுருங்கியதாகத் தோன்றினும், வந்து முடிவைப் பெற்றுச் செல்லுங்கள்.