நட்ட கன்றும் நிலைத்த மரமும்

மரம் நடுதல் நற்செயல் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும், நட்ட கன்றுகளின் தொகையைக் கூறி மகிழும் நாம், அவற்றுள் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்று அடுத்த ஆண்டில் எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டு கோடைகளைக் கடந்து நிற்கும் கன்றையே மரமெனக் கணக்கிடல் வேண்டும் என்பது எமது கருத்து.

2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரினால் வட பகுதியில் எத்தனையோ வளவுகள் தம் பயன்மரங்களை இழந்தன. அவ்வெறுமையை நிரப்ப முயலும் கமக்காரர், விலைகொடுத்து வாங்கிய ஒட்டுமாங்கன்றைக் கோடையிற் பட்டுப்போக விடுதல் பணநட்டம் மட்டுமன்று. நான்கைந்து ஆண்டுகளிற் காய்க்க வேண்டிய மரத்துக்காக மீண்டும் முதலிலிருந்து காத்திருக்க நேர்வதே பெருநட்டமாகும்.

வரண்ட பிரதேசத்தில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கின்றது. அதன் தொடக்கமே கன்று நடுதற்கு உகந்த காலம். மாரியின் ஈரத்தில் வேர் ஆழ இறங்கிய கன்று, வைகாசிக்குப் பின் வீசும் சோழகத்தைத் தாங்கும். மாசியில் நட்ட கன்றுக்கு அந்த அவகாசம் இல்லை. ஐப்பசியிலோ காலபோக வேலை தலைக்குமேல் இருக்கும். ஆதலால், சிறுபோக அறுவடை முடிந்ததும் ஆவணியிலேயே கிடங்கை வெட்டிவிடுதல் அறிவுடைமை. நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 3 அடியாக இருத்தல் நன்று. மேல்மண்ணுடன் நன்கு உக்கிய மாட்டெருவைக் கலந்து, நடுதற்கு இரு வாரங்களுக்கு முன்னரே நிரப்புக. உக்காத எரு வேரைச் சுடும், கறையானையும் அழைக்கும்.

நடும்பொழுது பொலித்தீன் பையை முற்றாக அகற்றி, அதன் அடியிற் சுருண்டு கிடக்கும் வேரை வெட்டிவிடுதல் வேண்டும். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். அதன்கீழ் எழும் தளிர்களை அவ்வப்போது நீக்காவிடின் ஒட்டிய கிளை நலிந்து அடிக்கன்றே ஓங்கும். கறுத்தக்கொழும்பான் நட்டவர் ஈற்றில் வேறு மாங்காயே பறிப்பார்.

கன்றுகள் பெரும்பாலும் அழிவது நீரின்மையால் மட்டுமன்று, நீர் விடும் முறையினாலுமாகும். நாள்தோறும் ஒரு செம்பு நீர் தெளித்தால் மேல்மண் மட்டுமே நனையும். வேரும் மேலேயே தங்கும். இரண்டு நாள் தவறினாற் கன்று வாடும். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அடிக்கடி நீர் இறைத்துப் பழகிய தோட்டக்காரர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். முதற்கோடையில் வாரத்துக்கு இருமுறை, முறைக்கு இரண்டு வாளி நீரை மெதுவாக ஊற்றுக. மணற்றரையில் இன்னும் ஒருமுறை கூட்டலாம். கன்றருகே மண்முட்டியொன்றைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால், அது கசிந்து வேரை நனைக்கும். சருகை 4 அங்குலக் கனத்திற் பரப்புக. ஆனால் அது தண்டைத் தொடலாகாது. வெயிலுக்குப் பனையோலை மறைப்பும், ஆட்டுக்கு வேலியும் இன்றியமையாதன. முதலிரு ஆண்டுகளிற் பூக்கும் பூவைக் கிள்ளிவிடுதல் மனத்துக்கு ஒவ்வாததாயினும், கன்றின் பலம் வளர்ச்சிக்குச் செல்ல அதுவே வழி.

“நெல்லுக்கும் மரக்கறிக்குமே நேரம் போதவில்லை, இத்தனையும் யார் செய்வது?” எனக் கேட்பாருளர். நியாயமான கேள்வியே. இருபது கன்றுகளுக்கு இப்பணி பெருஞ்சுமைதான். இரண்டு கன்றுகளுக்கோ வாரத்தில் அரைமணி நேரமும் ஆகாது. எனவே, இலவசமாகக் கிடைத்தாலும் பராமரிக்க இயலாத கன்றை ஏற்காதிருத்தலே நன்று. அது வேறொருவர் வளவில் மரமாகட்டும்.

கமக்காரர்களே, இவ்வாவணியில் ஒரு கிடங்கு மட்டும் வெட்டுங்கள். அடுத்த ஆண்டுப் புரட்டாதியில் அக்கன்று பசுமையாக நிற்குமாயின், இரண்டாவது கிடங்கை வெட்டுங்கள்.