மே மாசம் ஊட்டிக்குப் போறீங்களா?

ஊட்டின்னா மலர்க் கண்காட்சி, போட் ஹவுஸ், சூடா ஒரு வர்க்கி... அவ்வளவுதானா பாஸ்? ஒரே ஒரு நாள், காலையில 6 மணிக்கு எழுந்திருங்க. (எழுந்திருப்பீங்கன்னு ஒரு நம்பிக்கைதான்!) பைனாகுலர் இல்லாட்டியும் பரவாயில்லை. சோலைக்காட்டு ஓரமா போற ரோட்டுல சும்மா நடங்க. ஹாஸ்டல் மொட்டை மாடியில நாலு பேர் சேர்ந்து சிரிக்கிற மாதிரி புதருக்குள்ளே இருந்து ஒரு சத்தம் வரும். அதுதான் நீலகிரி சிரிப்பான்! செம்பழுப்பு வயிறு, கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம்.

'கொடைக்கானல்லயும் இதைப் பார்த்தேனே'ன்னு யாராவது சொன்னா, அவர் பார்த்தது இதோட சொந்தக்காரர், பழநி சிரிப்பான். நடுவுல பாலக்காட்டுக் கணவாய் இருக்கு. குளிரும் உயரமும் கேட்கிற இந்தப் பறவைகள், தாழ்வான அந்தச் சூட்டுப் பிரதேசத்தைத் தாண்டுறதில்லை. அதனால வடக்கே ஒரு இனம், தெற்கே வேற இனம்னு பல லட்சம் வருஷமா தனிக்குடித்தனம். ஒவ்வொரு மலையுச்சியும் ஒரு தீவு மாதிரி! 2017-ல் மரபணுவை ஆராய்ஞ்ச விஞ்ஞானிகள், மேற்குத் தொடர்ச்சி மலைச் சிரிப்பான்களுக்கு 'மான்டிசின்க்ளா'ன்னு புதுசா ஒரு பேரினமே கொடுத்துட்டாங்க.

சிரிப்பானாவது தோட்டம், புதர்னு எப்படியோ சமாளிச்சுக்குது. பாவம் நீலகிரி நெட்டைக்காலிதான். பழுப்பு நிறத்துல, சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசா, பார்க்க ரொம்ப சாதாரணமா இருக்கும். போட்டோ எடுத்தா லைக் விழாது! மலையுச்சிப் புல்வெளிதான் அதுக்கு வீடு, தரையிலதான் கூடு. வெள்ளைக்காரன் காலத்துல வந்த சீகை மரமும், தைலமரமும், பைனும் அந்தப் புல்வெளியைத்தான் தின்னுடுச்சு. 'மரம் நடுவோம்'னு சொல்லியே வளர்ந்த நமக்கு, மரமே வில்லனா இருக்கிற இடமும் உண்டுன்னு ஏத்துக்கக் கஷ்டமாத்தான் இருக்கு.

இன்னொரு விஷயம். நாம கூட்டமா மலையேறுற ஏப்ரல், மே மாசம்தான் அதுங்க குஞ்சு பொரிக்கிற சீசன். புல்வெளியில பாதையை விட்டு இறங்காதீங்க. செல்போன்ல அதோட குரலைப் போட்டுக் கூப்பிடுறது சுத்தமா வேணாம். எதிரி வந்துட்டான்னு நினைச்சு கூட்டை விட்டுட்டு சண்டைக்கு வந்துடும். அலகுல புழுவோட ஒரு பறவை உங்க எதிரிலேயே உட்கார்ந்து விடாம கத்துதா? கூடு உங்க காலடிக்குப் பக்கத்துல எங்கேயோ இருக்கு. போட்டோவெல்லாம் அப்புறம்... வந்த வழியே மெதுவா பின்னாடி நகருங்க.