இருபது லட்சத்தில் நிற்கும் கோப்பு

தாம்பரம், ஆகஸ்ட் 2022

கோப்பில் கையெழுத்திடும் இடத்தில் இருக்கும் ஐயா அவர்களுக்கு,

எல்லையில் உயிர்விடும் வீரர்களின் குடும்பங்களுக்கு அரசு தரும் நிதியை உயர்த்தக் கேட்டு, சேலையூர், முடிச்சூர் பக்கத்து முன்னாள் ஜவான்கள் மனு மேல் மனு கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தவன் நான். பலர் இன்று அடுக்குமாடி வாசல்களில் செக்யூரிட்டி வேலை பார்ப்பவர்கள். நைட் டூட்டி முடிந்து சீருடையோடு வந்து கையெழுத்துப் போட்டார்கள். ‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது’ என்ற ஒற்றை வரிதான் பதில். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

ஹவில்தார் பழனியை மறந்திருக்க மாட்டீர்கள். ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர்க்காரர். இருபது வருடத்துக்கு மேல் பட்டாளத்தில் உழைத்துச் சொந்தமாக ஒரு வீடு கட்டினார். 2020 ஜூன் 3 அன்று புதுமனை புகுவிழா. லடாக்கில் நிலைமை சரியில்லை, வர முடியவில்லை. வீட்டுக்காரர் இல்லாமலே பால் காய்ச்சினார்கள். ஜூன் 15 இரவு கல்வானில், கூர்மையான ஆயுதங்களோடு பாய்ந்த சீன வீரர்களைத் தடுத்து நின்று உயிர்விட்டார். 18ஆம் தேதி சொந்த ஊரில் அடக்கம். சின்னஞ்சிறு பிள்ளைகள் இரண்டு பேர். மறு வருடம் நவம்பரில் வீர் சக்ரா விருதை மனைவி போய் வாங்கினார். தான் கட்டிய வீட்டில் ஒருநாள்கூட அவர் படுத்து உறங்கவில்லை, ஐயா.

அந்தக் குடும்பத்துக்கு மாநில அரசு அறிவித்தது 20 லட்சமும் ஓர் அரசு வேலையும். 2019 புல்வாமாவில் இறந்த மத்திய ரிசர்வ் போலீஸ் படை வீரர்கள் சுப்பிரமணியன், சிவச்சந்திரன் குடும்பங்களுக்கும் 20 லட்சம். 2022 ஆகஸ்ட் 11ஆம் தேதி ரஜோரியில் இறந்த மதுரை மாவட்டத்து லட்சுமணன் குடும்பத்துக்கும் அதே 20 லட்சம். ஆட்சி மாறியது, விலைவாசி ஏறியது, தொகை அசையவில்லை. முடிச்சூரில் அரை கிரவுண்டு மனைகூட அந்தப் பணத்துக்குக் கிடைக்காது. டெல்லி அரசு பதவி பார்க்காமல் ஒரு கோடி தந்திருக்கிறது. லட்சுமணன் இறந்த அதே வாரம்தான் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டில் வெண்கலம் வென்ற இரண்டு அணிகளுக்கும் தலா ஒரு கோடி அறிவித்தீர்கள். கொடுக்க வேண்டியதுதான்; விளையாடிய பிள்ளைகள்மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒரு கோடி எழுதத் தெரிந்த கை, ஜவான் வீட்டுக்கு எழுதும்போது மட்டும் ஏன் சுருங்குகிறது?

மேஜர் முகுந்த் வரதராஜனின் உடல் 2014இல் எங்கள் தாம்பரத்துக்கு வந்தபோது தெருவே திரண்டு நின்றது. அன்று அறிவித்தது 10 லட்சம். உடல் வரும் நாளில் உங்கள் துறையினர் மலர்வளையத்தோடு முதல் வரிசையில் நிற்கிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அந்த வீட்டுப் படியை எத்தனை பேர் மிதித்தீர்கள்? பள்ளிக் கட்டணத்துக்கு என்ன செய்கிறாய் அம்மா என்று யார் கேட்டீர்கள்?

அடுத்த இரங்கல் அறிக்கைக்கு முன்னால் இந்தத் தொகையை உயர்த்துங்கள். முடியாது என்றால், முடியாது என்பதையாவது காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள். கையெழுத்துப் போட்டவர்களிடம் நான் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தாம்பரத்துக் குடிமகன் ஒருவன்