லுவார் நதிக்கரையில் சைக்கிள்: அந்த ஓய்வை யார் பெற்றுத் தந்தது?

பிரான்ஸ் எண்டால் எங்களில் கனபேருக்கு முதலில் ஞாபகம் வாறது ஐஃபில் கோபுரமும் லா சப்பல் கடைத்தெருவும்தான். சித்தப்பாமார், மாமாமார் அனுப்புற படங்களில் இருக்கிற பிரான்ஸ் அதுதான். அந்தப் பாரிஸில் இருந்து தெற்கே ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடப் போனால் ஓர்லேயான் வரும். அங்கிருந்து மேற்கே லுவார் நதியோடு போனால் வேறொரு பிரான்ஸ்: திராட்சைத் தோட்டங்கள், வெள்ளைச் சுண்ணக்கல் வீடுகள், மணல் திட்டுகள், சின்னச் சின்ன ஊர்கள்.

அந்தப் பக்கத்தைப் பற்றி வருகிற பயண வீடியோக்கள் எல்லாம் ஒரே அச்சு. ஒரு அரண்மனை, ஒரு வைன் கிளாஸ், முன்கூடையில் பூ வைத்த ஒரு சைக்கிள், பின்னால ஒரு பியானோ இசை. இரண்டு நாளில் பார்க்கவேண்டிய ஐந்து அரண்மனைகள் எண்டு ஒரு பட்டியல். அரண்மனைகளைப் பார்க்கவேண்டாம் எண்டு நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வீடியோக்களில் வெறும் பின்னணியாக வந்துபோகிற சைக்கிள் பாதைதான் அங்கே பார்க்கவேண்டிய முதல் விசயம் என்பது என் கட்சி. அரண்மனையை ராசா கட்டினார். சாதாரண சனம் லீவு எடுத்து, செலவில்லாமல், ஆற்றங்கரையில் சைக்கிள் ஓடலாம் என்ற நிலைமையை ஒரு ராசாவும் கட்டவில்லை.

முதலில் பாதையைப் பற்றி. லுவார், பிரான்ஸின் மிக நீளமான ஆறு. ஆயிரம் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலாக ஓடி, சான் நாஸேர் பக்கத்தில் அட்லாண்டிக்கில் விழுகிறது. அதன் கரையோடும் கரையை அண்டியும் ஏறத்தாழ 900 கிலோமீற்றருக்குப் போகிற சைக்கிள் பாதைக்குப் பேர் 'லுவார் அ வேலோ'. அட்லாண்டிக்கில் இருந்து கருங்கடல் வரை போகிற ஐரோப்பிய சைக்கிள் வழியில் இதன் பெரும்பகுதி சேருகிறது. பெரும்பாலும் சமதரை. பந்தயக்காரராக இருக்கத் தேவையில்லை. பிள்ளைகளோட, வயசான ஆட்களோட போகலாம். பாதையில் இருந்து 5 கிலோமீற்றருக்குள் இருக்கிற தங்குமிடங்கள், சைக்கிளைப் பத்திரமாக விட இடமும் பழுது பார்க்கிற சாமானும் வைத்திருந்தால்தான் அவற்றுக்கு 'சைக்கிள் வரவேற்பு' முத்திரை கிடைக்கும். களைத்துப்போனால், கோடைகாலத்தில் சைக்கிள் ஏற்றுவதற்கெண்டே இடம் ஒதுக்கிய ரயில் ஓடுகிறது.

இனி ஷம்போர் அரண்மனைக்கு வருவோம். முதலாம் பிரான்சுவா 1519இல் தொடங்கினது. நானூறுக்கு மேற்பட்ட அறைகள். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒருவரோடொருவர் முட்டாமல் போகக்கூடிய இரட்டைச் சுருள் படிக்கட்டு. உண்மையிலேயே அதிசயம்தான். ஆனால் 32 வருச ஆட்சியில் அந்த ராசா அங்கே தங்கினது எல்லாம் சேர்த்துச் சில வாரங்கள்தான். அது வேட்டைக்குப் போகிற வீடு. அந்த வேட்டைக் காட்டைச் சுற்றி 32 கிலோமீற்றர் நீளத்துக்கு மதில் இருக்கு. மதிலுக்குள்ளே கிடக்கிற நிலம் கிட்டத்தட்டப் பாரிஸ் நகரத்தின்ர பரப்பளவு. பஸ்ஸில் போய் வாசலில் இறங்குகிறவருக்கு அந்த மதில் ஒரு நிமிசம் கண்ணில் பட்டு மறைஞ்சுபோகும். சைக்கிளில் போகிறவருக்குத்தான் ஒரு மனுசனின் பொழுதுபோக்குக்கு எவ்வளவு நிலம் அடைக்கப்பட்டது எண்டு கால் நோவில விளங்கும்.

அந்த மதிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியது ஆற்றங்கரையை. பிரான்ஸில் அரசுக்குச் சொந்தமான ஆறுகளின் கரையில் காணி வைத்திருப்பவர், தண்ணீரோரமாக 3.25 மீற்றர் அகலத்தை வேலி போடாமல் விடவேண்டும் என்பது சட்டம். மீன் பிடிக்கிறவரும் நடந்து போகிறவரும் அதால போகலாம். காணி உறுதி யாரின்ர பேரில் இருந்தாலும் கரையால நடக்கிற உரிமை எல்லாருக்கும் உண்டு. சைக்கிளுக்கு அந்தச் சட்டம் தனியாக வழி தரவில்லை. அதுக்குப் பொதுப் பணத்தில், அணைகளையும் பழைய கரையோரப் பாதைகளையும் ஊர் வீதிகளையும் ஒன்றோடொன்று இணைக்கவேண்டி இருந்தது.

அந்த அணைகளும் சும்மா வந்ததில்லை. எங்கட குளக்கட்டு மாதிரித்தான், ஆற்றின்ர இரண்டு பக்கமும் உயர்ந்த மண்கட்டு. 12ஆம் நூற்றாண்டில் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக நீட்டியும் உயர்த்தியும் வந்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் 1846, 1856, 1866 ஆகிய மூன்று வருசங்களில் வந்த பெருவெள்ளங்கள் அவற்றை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தன. கரையோர ஊர்களில் பழைய சுவர்களிலும் பாலத்தூண்களிலும் அந்த வருசங்களைப் பொறித்து, தண்ணீர் நின்ற மட்டத்துக்குக் கோடு போட்டிருக்கும். சைக்கிளை நிப்பாட்டி அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிண்டு பார்த்தால், காலுக்குக் கீழ இருக்கிற கட்டு எதுக்கு எண்டு ஒரு வழிகாட்டியும் சொல்லத் தேவையில்லை.

சரி, கரை இருக்கு, பாதை இருக்கு. போறதுக்கு நேரம் வேணுமே? இங்கதான் 1936 வருகிறது. அந்த வருசம் மக்கள் முன்னணி தேர்தலில் வென்ற கையோடு, மே, யூன் மாதங்களில் பிரான்ஸ் முழுக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; தொழிற்சாலைகளுக்குள்ளேயே இருந்துகொண்டு செய்தார்கள். லியோன் ப்ளூம் அரசாங்கம் இரண்டு கிழமைச் சம்பளத்தோடு லீவைச் சட்டமாக்கியது. ஓய்வு, விளையாட்டு விடயங்களைப் பார்த்த லியோ லக்ராஞ்ச் ரயில் டிக்கட்டில் 40 வீதக் கழிவு வாங்கிக் கொடுத்தார். வலதுசாரிகள் அவரைச் 'சோம்பேறித்தனத்தின் அமைச்சர்' எண்டு நக்கலடித்தார்கள். அந்தக் கோடையில்தான் பல குடும்பங்கள் வாழ்க்கையில் முதல்தடவையாக லீவில் வெளிக்கிட்டன. காருக்கு வழி இல்லை. சைக்கிளிலும், இரண்டு பேர் மிதிக்கிற டான்டம் சைக்கிளிலும் போனார்கள். அந்த இரண்டு கிழமை 1956இல் மூன்றாகி, 1969இல் நான்காகி, 1982இல் ஐந்தானது. இண்டைக்குப் படங்களில் அழகுக்கு வைக்கிற அந்தப் பிரெஞ்சுச் சைக்கிளுக்குப் பின்னால ஒரு வேலைநிறுத்தம் இருக்கு.

ஆறும் அப்படித்தான். லுவாரை ஐரோப்பாவின் கடைசிக் காட்டு நதி எண்டு விளம்பரப்படுத்துகிறார்கள். 1980களில் அந்த நதித்தொகுதியில் புதிய பெரிய அணைக்கட்டுகளைக் கட்டத் திட்டமிட்டார்கள். அதில ஒன்று மேல் லுவாரில், சேர் தெ லா ஃபார் என்ற இடத்தில். திட்டத்துக்குக் காரணமும் இருந்தது: 1980 செப்டம்பரில் பிறீவ்-ஷாரான்சாக் என்ற ஊரில் வெள்ளம் வந்து எட்டுப் பேர் இறந்துபோனார்கள். ஆனால் எதிர்ப்பாளர்கள் 1989இல் அந்த இடத்துக்குப் போய்க் குந்தினார்கள், வருசக்கணக்காகக் குந்தியிருந்தார்கள். 1991இல் அரசாங்கம் அந்த அணையைக் கைவிட்டது. பிறகு பிறீவ்-ஷாரான்சாக்கில், ஆற்றின் வழியில் நிண்ட தொழிற்சாலைகளை இடம்மாற்றி, ஆற்றுக்குப் படுகையை அகலமாக்கிக் கொடுத்தார்கள். ஆற்றை மறிக்காமல் சனத்தைக் காப்பாற்றலாம் எண்டு காட்டினது அது. கிளையாறான அல்லியேயில் இருந்த ஒரு பழைய அணைக்கட்டை, சால்மன் மீன்கள் மேலே ஏறிப்போக வழிவிட்டு, 1998இல் வெடிவைத்தே தகர்த்தார்கள்.

இதை வைத்து அங்கே எல்லாம் சொர்க்கம் எண்டு சொல்ல நான் வரவில்லை. அந்தக் 'காட்டு நதி'யின் கரையில் நான்கு அணுமின் நிலையங்கள் இருக்கின்றன. பாதையால போகேக்க டாம்பியேர் பக்கத்தில் குளிரூட்டும் கோபுரங்கள் தூரத்திலேயே தெரியும். அந்தப் படத்தை விளம்பரங்களில் காணக்கிடைக்காது. கோடையில் ஆறு வற்றாமல் இருக்க மேல்பகுதியில் நீர்த்தேக்கங்களைத் திறந்துதான் தண்ணி விடுகிறார்கள். 'காட்டு' என்ற சொல்லை அப்படியே விழுங்கக்கூடாது.

லீவுச் சட்டமும் எல்லாரையும் போய்ச் சேராது. எழுத்தில் அது எல்லாத் தொழிலாளருக்கும் உரியது. ஆனால் சம்பளச் சீட்டே இல்லாமல் ஒரு உணவகத்தின் பின்சமையலறையில் கோப்பை கழுவுகிறவர் யாரிடம் போய் ஐந்து கிழமை கேட்பார்? விசா இல்லாமல் அப்படி நிண்டவர்களில் எங்கட ஆட்களும் உண்டு. பிரான்ஸில் இருபது வருசம் இருந்தும் பாரிஸை விட்டு வெளிய ஒரு ஊரையும் பார்க்காதவர்கள் இருந்தால் அவர்களுக்கு ரசனை இல்லை எண்டு சொல்லிவிட்டுப் போகிறது சுகம். நேரத்தை யார் வைத்திருந்தது எண்டு கேட்கிறதுதான் நியாயம்.

'ஊர் சுத்துறது காசுக்காரரின்ர வேலை' என்ற கதையை இடதுசாரி நண்பர்களிடம்கூடக் கேட்கலாம். எனக்கு அதில உடன்பாடில்லை. 1936இல் தொழிற்சாலைக்குள் குந்தியிருந்தவர்கள் சம்பளத்தை மட்டும் கேட்கவில்லை, வேலையில்லாத நேரத்தையும் கேட்டார்கள். ஓய்வும், கரையால போகிற வழியும், ஓடுகிற ஆறும் ஒவ்வொன்றாகச் சண்டைபிடித்தோ சட்டம்போட்டோ எடுக்கப்பட்டவை. ஆரும் கேட்காமல் விட்டிருந்தால் அந்தக் கரையிலும் 32 கிலோமீற்றர் மதில் மாதிரி இன்னொன்று நிண்டிருக்கும்.

ஆகவே லுவார் பற்றிய அடுத்த வீடியோவைப் பார்க்கிறவர்கள், அரண்மனை வருகிற இடத்தில் கொஞ்சம் வேகமாகத் தள்ளிவிட்டாலும் பரவாயில்லை. சைக்கிள் போகிற இடத்தில் நிப்பாட்டிப் பாருங்கோ. அது யாரின்ர காணி, ஓடுகிறவருக்கு எத்தனை நாள் லீவு, பக்கத்தில் ஆறு ஏன் இன்னும் மறிக்கப்படாமல் ஓடுது எண்டு கேளுங்கோ. அந்த இடத்தைப் பற்றி அதைவிடப் பிரயோசனமான கேள்விகள் எனக்குத் தெரிய இல்லை.