படத்துக்கும் பட்டாவா?

தொழிலாளர் பத்திரிகை ஒன்று சிறுவர்களின் விளையாட்டுக் கார்டுகளைப் பற்றித் தலையங்கம் எழுதுவானேன் என்று வாசகர்கள் சிலர் கேட்கக்கூடும். எழுத வேண்டிய அவசியம் இருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், பெருங்களத்தூர் என்று நீளும் தென் புறநகரில், குடியிருக்கும் மனைக்குப் பட்டா கேட்டு ஆண்டுக்கணக்கில் மனுவோடு அலையும் குடும்பங்கள் ஏராளம். அதே குடும்பத்துச் சிறுவன், தான் நேசிக்கும் கிரிக்கெட் வீரரின் படம் போட்ட கார்டை வாங்கப் போகிறான். அந்த வீரரின் முகத்துக்கே ஏதோ ஒரு கம்பெனி பட்டா வாங்கி வைத்திருக்கிறது! இந்தப் பட்டாவுக்குத்தான் ‘பிரத்தியேக உரிமம்’ என்று பெயர். வீரரின் முகம், அணியின் சின்னம், சட்டையின் நிறம் ஆகியவற்றை அச்சிட்டு விற்கும் உரிமையை ஒரே ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றவர் யாவரையும் வாசலிலேயே நிறுத்திவிடுவது இதன் சாரம்.

தீப்பெட்டிப் படம் சேர்க்காத சிறுவன் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் உண்டா? சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் எத்தனையோ சிறு ஆலைகள். எத்தனை ஆலையோ அத்தனை படம். 1980களில் பிக் ஃபன் பபிள்கம் வாங்கினால் கிரிக்கெட் வீரரின் படமும், அதில் ரன்னோ விக்கெட்டோ அச்சிட்ட அட்டையும் கிடைக்கும். பிறகு டிரம்ப் கார்டுகள் வந்தன. சிறிது காசு, மாற்றிக்கொள்ள ஒரு தோழன் — இவ்வளவுதான் அந்தச் சிறுவனின் மூலதனம். தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகளின் வியர்வை சுரண்டப்பட்டதை மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று புகழ நாம் தயாராக இல்லை. ஆனால் படம் அன்று ஒருவர் பிடியில் இல்லை என்பது உண்மை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். பழைய சாமான் ஒன்று காலத்தில் அழிந்து அழிந்து, மிஞ்சியது சொற்பமாகிவிட்டால் அதற்கு மதிப்பு ஏறுகிறது. விற்பவரும் வாங்குபவரும் பேசி விலையைத் தீர்க்கிறார்கள். பிரத்தியேக உரிமம் பெற்ற கம்பெனியின் கதையே வேறு. அச்சு யந்திரத்தை ஒரு பொத்தானில் நிறுத்தி, “இந்தப் படம் இவ்வளவுதான்” என்று அறிவித்து, அருமையைத் தானே உற்பத்தி செய்கிறது! எதை அள்ளித் தெளிப்பது, எதை ஒளித்து வைப்பது, உறைக்கு என்ன விலை என்பதெல்லாம் அதன் இஷ்டம். மூடிய உறைக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் சிறுவன் மறுபடியும் மறுபடியும் காசு கொடுக்கிறான். வேறு கம்பெனியிடம் போகலாம் என்றால், அந்த வீரரை அச்சிட வேறு கம்பெனிக்கு அனுமதி இல்லை. சேகரிப்பு என்ற நல்ல பழக்கம் சூதாட்டத்தின் தம்பியாக மாறுவது இப்படித்தான்.

இந்த வியாபாரத்தை வளர்த்த தேசம் அமெரிக்கா. அங்கே பேஸ்பால் வீரர்களின் படத்தைச் சூயிங்கம்மோடு விற்பதில் போமன், டாப்ஸ் என்ற இரு கம்பெனிகள் மோதிக்கொண்டன. 1953ல் வந்த தீர்ப்பு, ஒருவர் தம் முகத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் உரிமையை மற்றொருவருக்கு விற்கலாம், வாங்கியவர் பிறரைத் தடுக்கலாம் என்று கூறியது. இன்று ‘பிரபலங்களின் விளம்பர உரிமை’ என்று உலகெங்கும் பேசப்படுகிறதே, அதன் பெயர் பிறந்தது இந்த வழக்கில்தான். வழக்காடியவர்கள் வீரர்களா? இல்லை, மிட்டாய் முதலாளிகள்! 1956ல் டாப்ஸ் போமனையே விலைக்கு வாங்கிவிட்டது.

அந்த ஏகபோகத்தில் வீரருக்குக் கிடைத்தது என்ன? ஆண்டுக்கு 125 டாலர். 1966ல் பேஸ்பால் வீரர்களின் சங்கத் தலைமைக்கு மார்வின் மில்லர் வந்தார்; உருக்குத் தொழிலாளர் சங்கத்தில் பொருளாதார நிபுணராக இருந்தவர் அவர். டாப்ஸ் நீட்டிய ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்திட வேண்டாம் என்று வீரர்களைத் திரட்டினார். 1968ல் கம்பெனி இறங்கி வந்தது. தொகை 250 டாலராக உயர்ந்தது. விற்பனையில் சதவீதப் பங்கும் கிடைத்தது. முகத்துக்கு உரிய கூலியை வாங்கிக் கொடுத்தது பிரத்தியேக உரிமம் அல்ல, ஒற்றுமை!

1980ல் ஃபிளீர் என்ற கம்பெனி தொடுத்த வழக்கில் டாப்ஸின் ஏகபோகம் உடைந்தது. மறு ஆண்டே புதிய கம்பெனிகள் கார்டுகளோடு சந்தைக்கு வந்தன. அப்பீலில் தீர்ப்பு மாறிய பிறகும் அவை நின்றுவிடவில்லை. ஆனால் கட்டற்ற போட்டியே மோட்சம் என்று நாம் சொல்ல வரவில்லை. லாப வெறியில் கம்பெனிகள் மலைமலையாக அச்சிட்டுத் தள்ளியதில், அந்த ஆண்டுகளின் கார்டுகள் குப்பை விலைக்கு வந்தன. முதலாளித்துவம் ஒருவன் கையில் இருந்தால் பஞ்சத்தை உண்டாக்குகிறது. பலர் கையில் இருந்தால் வெள்ளத்தை உண்டாக்குகிறது. இரண்டிலும் மூழ்குபவர் சாதாரண ஜனங்களே.

சக்கரம் மீண்டும் சுழன்றது. 2010ல் பேஸ்பால் லீக் டாப்ஸுக்கே பிரத்தியேக உரிமம் கொடுத்தது. வீரர் சங்கத்தின் அனுமதி மட்டும் பெற்றிருந்த இத்தாலியப் பானினி கம்பெனி, தொப்பியிலும் சட்டையிலும் இருந்த அணிச் சின்னத்தை அழித்துவிட்டு வீரர்களின் படத்தை அச்சிட வேண்டி வந்தது! 2021ல் ஃபனாட்டிக்ஸ் என்ற ராட்சதக் கம்பெனி பேஸ்பால், கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து ஆகிய மூன்றின் வருங்கால உரிமங்களையும் மடக்கிப் போட்டது. உரிமம் பறிபோகப் போவதால் மதிப்பிழந்து நின்ற டாப்ஸின் கார்டு வியாபாரத்தை 2022 ஜனவரியில் சுமார் 50 கோடி டாலருக்கு அதுவே வாங்கியது. ‘ஏகபோகம்!’ என்று கூவிக்கொண்டு பானினி 2023 ஆகஸ்டில் கோர்ட்டுக்கு ஓடியது. கூடைப்பந்தில் 2009 முதல் தானே தனி உரிமம் வைத்துச் சம்பாதித்த கம்பெனி அது! திமிங்கிலத்தைப் பற்றிச் சுறா கொடுக்கும் புகார் பொய்யல்ல. ஆனால் சுறாவுக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதும் இல்லை.

நம் தேசத்துக்கு வருவோம். இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவான ஒரு சங்கம். ஊர் வாசகசாலைக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் உள்ள அதே சட்டம்! இந்தச் ‘சங்கம்’ 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமைகளை ரூ. 48,390 கோடிக்கு விற்றது. 2007ல் போட்டி லீக் ஒன்று தோன்றியபோது அதில் சேர்ந்த வீரர்களுக்குத் தடை போட்டது. ஐபிஎல்லுக்குப் போட்டியாக வேறு லீகை அனுமதிக்க மாட்டோம் என்று ஒளிபரப்பாளருக்கு எழுதிக் கொடுத்ததற்காகப் போட்டி ஆணையம் 2013ல் ரூ. 52.24 கோடி அபராதம் விதித்தது. அது அப்பீலில் ரத்தான பின், 2017ல் மீண்டும் அதே தொகையை விதித்தது. கார்டுக்கு உரிமம் கொடுப்பவர்களின் மனோபாவம் இது.

ஐபிஎல் உரிமத்தோடு டாப்ஸ் இங்கே ‘கிரிக்கெட் அட்டாக்ஸ்’ கார்டுகளை விற்றது. பிறகு காகிதமே இல்லாத கார்டும் வந்தது. ராரியோ என்ற கம்பெனி கிரிக்கெட் வீரர்களிடம் பிரத்தியேக உரிமம் பெற்று, கணினி வழிக் கார்டுகளை விற்றது. எம்பிஎல்லின் ‘ஸ்ட்ரைக்கர்’ அனுமதியின்றி வீரர்களின் பெயரையும் வரைந்த உருவத்தையும் பயன்படுத்துகிறது என்று டெல்லி ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. சில வீரர்களும் அதில் சேர்ந்துகொண்டனர். 2023 ஏப்ரல் 26 அன்று கோர்ட் இடைக்காலத் தடை தர மறுத்தது. வீரரின் பெயர், ஆட்டக் கணக்கு போன்று பொதுவெளியில் உள்ள தகவல்களுக்கு எவரும் ஏகபோகம் கொண்டாட முடியாது என்று கூறியது. வழக்காடிய இரு தரப்பும் பண முதலைகளே. ஆயினும் இந்தக் கருத்து நமக்கு முக்கியம். ஒருவர் எடுத்த ரன், அதை வெயிலில் நின்று பார்த்த ஜனங்களுக்கும் சொந்தம்!

“உரிமம் இல்லாவிட்டால் போலிகள் பெருகும், வீரருக்குப் பணம் கிடைக்காது” என்று வாதிடுவார்கள். உரிமம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தனி உரிமம் வேண்டாம் என்கிறோம். நிர்ணயித்த கட்டணத்தைச் செலுத்தி, தரத்துக்கு உட்பட்டு அச்சிட முன்வரும் எவருக்கும் உரிமம் கொடுத்தால் போலிக்கு என்ன வேலை? நாட்காட்டியும் லேபிளும் அச்சிட்டுப் பேர் வாங்கிய சிவகாசி அச்சகத் தொழிலாளிக்கு ஒரு கார்டு அச்சிடத் தெரியாதா? வீரர்களின் பங்கைப் பற்றிப் பேசுவோர், இன்று ஆடும் இந்திய வீரர்களுக்கு வாரியத்தோடு பேரம் பேச ஒரு சங்கம் இல்லாததை ஏன் பேசுவதில்லை? 2019ல் வாரியம் அங்கீகரித்த சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. நட்சத்திரங்கள் தனித்தனியே பேரம் பேசிக்கொள்வார்கள். ரஞ்சி வீரருக்கும், வளர்ந்து வரும் வீராங்கனைக்கும் யார் இருக்கிறார்கள்?

சங்கம் அமைந்தாலும் விழிப்பு வேண்டும். அமெரிக்காவில் இன்று வீரர் சங்கங்களே ஃபனாட்டிக்ஸின் கார்டு வியாபாரத்தில் பங்கு பெற்றிருக்கின்றன. மில்லர் கம்பெனியை எதிர்த்துச் சங்கத்தைக் கட்டினார். இன்று கம்பெனியின் லாபம் சங்கத்தின் லாபமாகிவிட்டது. அப்படியானால் கார்டு வாங்கும் சிறுவன் பக்கம் நிற்பது யார்?

ஆகவே நாம் கோருவது இவை. வீரர் படங்களுக்குப் பிரத்தியேக உரிமம் கொடுப்பதைச் சட்டம் தடுக்க வேண்டும். நியாயமான கட்டணத்தில் பொது உரிமம் வேண்டும். ஒவ்வொரு உறையிலும் எந்தக் கார்டு எத்தனை அச்சிடப்பட்டது, கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதைத் தமிழிலும் அச்சிட வேண்டும். உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கு உள்ளூர்ப் போட்டிகளில் ஆடும் ஆண், பெண் வீரர்கள் அனைவருக்கும் சேர வேண்டும். ஆடும் வீரர்களின் சங்கத்தை வாரியம் அங்கீகரிக்க வேண்டும். இவையெல்லாம் ஆகாத காரியமா? 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைப் பார்லிமெண்டு சில நாட்களில் தடை செய்தது. மனமிருந்தால் சர்க்காரால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

மெப்ஸ் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து வரும் தாய், பிள்ளையின் கையில் வைக்கும் பத்து ரூபாய் அவள் உழைப்பின் ஒரு துளி. அந்தத் துளியையும் உறிஞ்ச ஒரே ஒரு குழாயைப் பொருத்தி, அதற்குப் பூட்டும் போட்டுச் சாவியை விற்கிறார்கள். நிலத்தை வளைத்தவர்கள், நீரை வளைத்தவர்கள், இப்போது பிள்ளைகளின் விளையாட்டையும் வளைக்கப் பார்க்கிறார்கள். வாலிபர் சங்கங்களும் மாணவர்களும் பெற்றோரும் இந்தப் பிரச்னையைக் கையிலெடுக்க வேண்டும். படத்துக்குப் பட்டா கூடாது என்று தென் புறநகரிலிருந்து உரத்த குரல் எழும்பட்டும்!