எட்டாத எட்டாவது பிளக்

சென்ற ஆண்டு கோடையில் இங்கிலாந்தில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். ரெயில்வே லோகோ ஷெட்டில் 35 ஆண்டு குப்பை கொட்டியவனுக்குக் கை சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுக்காரர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு மல்லாடுவதைக் கண்டதும் அருகே போய் நின்றுவிட்டேன்.

அது சன்பீம் டைகர். ரூட்ஸ் நிறுவனம் 1964 முதல் 1967 வரை தயாரித்தது. நாலு சிலிண்டர் எஞ்சின் இருந்த ஆல்பைன் காரின் சிறிய உடலுக்குள் ஃபோர்டின் 4.2 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சினைத் திணித்திருந்தார்கள். கன்றுக்குட்டிக் கொட்டிலில் யானையைக் கட்டிய கதைதான். ஏழு பிளக்குகளை முன்பக்கமாக எப்படியோ கழற்றிவிடலாம். இடப்பக்க வரிசையின் கடைக்கோடியில் இருக்கும் எட்டாவதுக்கு அந்த வழியாகக் கை போகாது. காருக்குள் ஏறி, கால் வைக்கும் இடத்துக் கம்பளத்தை விலக்கி, தடுப்புத் தகட்டில் உள்ள ரப்பர் மூடியைப் பிடுங்கி, அந்த ஓட்டை வழியே ஸ்பேனரை நுழைக்க வேண்டும்.

எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, பிளக்குகளைச் சுற்றியிருந்த தூசியை ஊதிவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஏழும் ஒரே கம்பெனிச் சரக்கு, பளபளப்பாக இருந்தன. எட்டாவது வேறு கம்பெனி. துருப்பிடித்து, முனை தேய்ந்து, இடைவெளி அகன்று கிடந்தது. முன்பு வேலை பார்த்தவர் எட்டுக்கும் காசு வாங்கிக்கொண்டு ஏழைத்தான் மாற்றியிருக்கிறார். எட்டாத பழம் புளிக்கும் என்றது நரி. எட்டாத பிளக் நல்ல பிளக் என்று சொல்லிக்கொண்டார் போலும்!

இது சில்லறைத் தவறு அல்ல. இடைவெளி அகன்றால் பொறி பாய அதிக மின்னழுத்தம் வேண்டும். கிடைக்காதபோது அந்தச் சிலிண்டர் தவறித் தவறி எரியும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். பிளக்கை மிச்சம் பிடித்தவன் எஞ்சினைத் தேய்க்கிறான்.

குற்றம் யாருடையது? வடிவமைத்தவருக்கும் பங்கு உண்டு. 1975-இல் வந்த செவ்ரோலெட் மான்சா காரின் எட்டு சிலிண்டர் மாடலில் ஒரு பிளக்கை எட்டுவதற்கு, எஞ்சினைத் தாங்கும் போல்ட்டைத் தளர்த்தி எஞ்சினையே சற்றுத் தூக்க வேண்டியிருந்தது. அதோடு ஒப்பிட்டால் டைகர்காரர்கள் நேர்மையானவர்கள். இடம் போதாது என்று தெரிந்ததும், வேலை செய்பவன் கைக்கு ஒரு வழியாவது விட்டார்கள். நம் நாட்டில் 1947-இல் வந்த டபிள்யூ.பி., 1950-இல் வந்த டபிள்யூ.ஜி. நீராவி எஞ்சின்களில் சிலிண்டர்களும் கம்பிகளும் சக்கரங்களுக்கு வெளியே இருந்தன. எண்ணெய் விடுபவர், பழைய எஞ்சின்களில் போல உள்ளே ஊர்ந்து போக வேண்டியதில்லை. அதுவல்லவா வடிவமைப்பு!

ஆனால் வழி இருந்தும் கை போகாவிட்டால்? இங்கே நான் பிறரைக் குறை சொல்லத் தகுதியற்றவன். 1991-இல் சார்ஜ்மேனாக இருந்தபோது, ஒரு இரவு டீசல் எஞ்சின் ஒன்றை அவசரமாக வண்டிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மோட்டார்களின் கார்பன் பிரஷ்களைக் குழிக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். ஒரு மூலைக்குக் கைதான் போகும், கண் போகாது. "பார்த்தாச்சா?" என்றேன். "பார்த்த மாதிரிதான் சார்" என்றார் ஃபிட்டர். கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டாம் நாள் அந்த மோட்டார் தீப்பொறி கக்கி எரிந்தது. மே மாத வெயிலில், தண்ணீர்க் குழாய்கூட இல்லாத சிறு நிலையத்தில், பயணிகள் மூன்று மணி நேரம் தவித்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. அந்தக் கையெழுத்து மட்டும் இன்றும் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இன்றைய இரிடியம் பிளக் ஒரு லட்சம் கிலோமீட்டர்கூட ஓடும், அடிக்கடி கழற்ற வேண்டியதில்லை, எட்டாவிட்டால் என்ன என்பார்கள். அத்தனை நாள் அசையாமல் கிடந்த பிளக், கழற்றும் நாளில் இறுகிப்போய் அலுமினிய மரையையும் பிய்த்துக்கொண்டு வரலாம். எப்போதோ ஒருமுறை செய்யும் வேலைக்குத்தான் நல்ல வழி வேண்டும்.

நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் பொறியியல் படிக்கிறார்கள். திரையில் வரைந்ததோடு நிறுத்தாதீர்கள். ஒரு முறையாவது மெக்கானிக்கின் பக்கத்தில் உட்கார்ந்து கையை விட்டுப் பாருங்கள். உங்கள் முழங்கை சிராய்த்தால்தான் அடுத்தவன் முழங்கை நினைவுக்கு வரும்.

அன்று புது பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயை மாட்டி, ஓட்டை வழியாக விட்டு, விரலால் திருகினேன். மரை கோணலாக ஏறினால் குழாய் வழுக்கிவிடும்; பழைய தந்திரம். நேராகவே ஏறியது. எட்டாவது பிளக்கும் எட்டியது. வெளியே வரும்போது முழங்கையில் கொஞ்சம் ரத்தம். மகளிடம் திட்டும் கிடைத்தது.